வாட்ச் 118 காட்டுகிறது, நம்பலாமா? 5000 ரூபாய்க்குள் கையில் கட்டும் ஹார்ட் ரேட் கருவி எது நல்லது?

சத்துவாச்சாரிவாசி:

எல்லோருக்கும் வணக்கம். வயது 52, சர்க்கரை இருக்கிறது. தினமும் முக்கால் மணி நேரமாவது விறுவிறுப்பாக நடக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டி நடக்கிறேன். மாப்பிள்ளை புது வாட்ச் வாங்கியதும் பழையதை என்னிடம் கொடுத்துவிட்டார். பின்பக்கம் பச்சை விளக்கு எரியும், இதயத் துடிப்பு காட்டும்.

நடக்க ஆரம்பித்துச் சில நிமிடங்களில் 115, 118 என்று ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது. மேடு ஏறினாலும் 118, சமதளத்திலும் 118. வழியில் தெரிந்தவர் யாராவது நிறுத்திப் பேச்சுக் கொடுத்தால் சட்டென்று 80 சொச்சத்துக்கு விழுகிறது.

பெங்களூரில் இருக்கும் மகள், "220-இல் உங்கள் வயதைக் கழித்தால் 168, அதுதான் உங்கள் உச்சத் துடிப்பு, அதில் 70 சதவீதம் 118, ரொம்பச் சரியாக நடக்கிறீர்கள் அப்பா" என்கிறாள். எனக்குத்தான் உறுத்துகிறது. அவ்வளவு மூச்சு வாங்கவில்லையே.

இந்த எண்ணை நம்பலாமா, இல்லை 5000 ரூபாய்க்குள் வேறு ஏதாவது வாங்கிவிடலாமா?

பச்சைவெளிச்சம்:

சார், காட்பாடியில் பயோமெடிக்கல் படிக்கிறேன். புதுசு வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய நாளங்களில் ரத்தம் கொஞ்சம் கூடிக் குறையும். கூடும்போது வாட்ச்சுக்குத் திரும்பி வரும் வெளிச்சம் குறையும், குறையும்போது கூடும். வாட்ச் அளப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். அது மிகவும் சின்ன மாற்றம். கை வீசி நடக்கும்போது வாட்ச் தோலின் மேல் ஆடுவதால் வரும் மாற்றம் அதைவிடப் பெரிது. எது துடிப்பு, எது ஆட்டம் என்று பிரிப்பதுதான் உள்ளே ஓடும் கணக்கின் வேலை.

ஆட்டமும் ஒரே தாளத்தில் வந்தால் கணக்கு ஏமாந்துபோகும். காலடித் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொண்டு அதையே பிடித்துக்கொண்டிருக்கும். விறுவிறு நடையில் நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி வைப்போம். ஓடினால் 160 முதல் 180. உங்கள் 118 எனக்குக் காலடி எண்ணிக்கை மாதிரித்தான் தெரிகிறது. மேட்டிலும் மாறவில்லை என்கிறீர்கள், நின்றதும் ஒரேயடியாக விழுகிறது என்கிறீர்கள். நிஜமான துடிப்பு அப்படி விழாது, படிப்படியாகத்தான் இறங்கும்.

நாளைக்கு நடக்கும்போது ஒரு நிமிடம் அடிகளை எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் நின்று, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்குங்கள். கட்டைவிரலால் பிடிக்க வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, குழப்பிவிடும். நின்ற உடனே எண்ணுவது முக்கியம். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும்.

பழைய ஆர்க்காட்டார்:

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்து நடந்துகொண்டிருக்கிறேன். 1989-இல் இரண்டாகப் பிரித்தார்கள், 2019-இல் அதையும் மூன்றாகப் பிரித்தார்கள், நான் நடப்பது மட்டும் நிற்கவில்லை. மூச்சு வாங்கினால் மெதுவாகப் போ, வாங்காவிட்டால் வேகமாகப் போ. இதைச் சொல்ல ஐயாயிரம் ரூபாயா?

பாகாயத்தக்கா:

பெரியவர் சொல்வது முக்கால்வாசி சரி. ஆனால் சர்க்கரை உள்ள 52 வயதுக்காரருக்கு அதோடு விட்டுவிட முடியாது. நான் செவிலியர், இதய நோயாளிகள் வார்டில் வேலை.

சத்துவாச்சாரி சார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? ரத்தக் கொதிப்புக்கு ஏதாவது உண்டா? பெயரோடு எழுதுங்கள். அது தெரியாமல் 118 நல்லதா கெட்டதா என்று இங்கே யாரும் சொல்லக் கூடாது.

சத்துவாச்சாரிவாசி:

காலையில் சோதித்துவிட்டேன். ஒரு நிமிடத்துக்கு 116 அடி. வாட்ச்சும் 116! உடனே நின்று நாடி பிடித்தேன். 15 விநாடியில் 22, அதாவது 88.

தம்பி பச்சைவெளிச்சம், நீங்கள் சொன்னது அப்படியே. என் காலை எண்ணிவிட்டு என் இதயம் என்று காட்டியிருக்கிறது.

அக்கா கேட்ட மாத்திரைகள்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடு. ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டன், அதோடு மெட்டோப்ரோலால் 50.

பாகாயத்தக்கா:

அந்தக் கடைசிப் பெயருக்காகத்தான் கேட்டேன்.

மெட்டோப்ரோலால் பீட்டா பிளாக்கர் வகை. அட்டெனோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால் எல்லாம் அந்தக் குடும்பம்தான். இதயத்தின் வேகத்தைப் பிடித்து வைப்பதே இவற்றின் வேலை. ஓய்விலும் துடிப்பு குறையும், உடற்பயிற்சியின் உச்சத்திலும் குறையும். டெல்மிசார்டன், அம்லோடிபின் போன்றவை அப்படிச் செய்வதில்லை.

ஆக, உங்கள் மகள் போட்ட கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மாத்திரையோடு 118-ஐ எட்டியே தீருவேன் என்று வேகத்தைக் கூட்டினீர்கள் என்றால் உங்கள் உடம்புக்கு அது மிதமான நடையாக இருக்காது, அதைத் தாண்டிய உழைப்பாகிவிடும். 88-இல் லேசாக வியர்த்து, மூச்சு கொஞ்சம் வேகமானாலும் தொடர்ந்து பேச முடிந்தால் அந்த நடை மோசமில்லை. எண் குறைவாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் ஆட்களை வார்டில் பார்க்கிறேன். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அதைச் செய்ய வேண்டாம்.

மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: "இந்த மாத்திரை சாப்பிடும் எனக்கு நடக்கும்போது துடிப்பு எதற்குள் இருக்கலாம்?" ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்திருந்தால் அந்த அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். எடுக்கும்போது மாத்திரை சாப்பிட்டிருந்தீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. கிளிமிப்பிரைடு சர்க்கரையைத் தாழ்வாக இறக்கிவிடக் கூடியது. சர்க்கரை இறங்கினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். பீட்டா பிளாக்கர் இந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வாட்ச்சிலும் துடிப்பு ஏறிக் காட்டாது. வியர்வை மட்டும் மறையாது. நடையில் காரணமில்லாமல் குளிர்ந்து வியர்த்தாலோ, தலை சுற்றினாலோ வாட்ச் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் உட்கார்ந்து சர்க்கரையை வாயில் போடுங்கள். சட்டைப் பையில் நான்கு குளுக்கோஸ் மாத்திரையோ கல்கண்டோ இருக்கட்டும்.

நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி என்றாலும் அப்படித்தான். வாட்ச் 80 காட்டுகிறது, ஒன்றுமில்லை என்று இருந்துவிடக் கூடாது. இ.சி.ஜி. எடுக்கும் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அது மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. ஆப்பிள் நிறுவனமே தன் வாட்ச்சைப் பற்றி அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது.

பழைய ஆர்க்காட்டார்:

சரிம்மா. மாத்திரை சாப்பிடாத எனக்கு என் மூச்சுக் கணக்கே போதும்.

பாகாயத்தக்கா:

தாராளமாகப் போதும் ஐயா. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான உடற்பயிற்சிக்கு எங்கள் துறையில் சொல்வதும் அதுதான். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் என்பவர் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வைத்தார். எவ்வளவு சிரமமாகத் தோன்றுகிறது என்பதற்கு நாமே மதிப்பெண் போட வேண்டும். 12, 13 வந்தால் 'கொஞ்சம் சிரமம்'. பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு வாட்ச்சைவிட இதைத்தான் அதிகம் சொல்லிக்கொடுக்கிறோம்.

பேட்டைப்பையன்:

அண்ணா, அக்கா, குறுக்கே வருகிறேன். எனக்கு 19 வயது, ஊர் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்று பேப்பரில் எழுதுவார்களே, அந்த ஊர்தான். ஆர்மி செலக்‌ஷனுக்காக ஓடுகிறேன். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் முழு மார்க்.

என் வாட்ச்சிலும் இதே கதை. மெதுவாக ஓடினாலும் 176, 178. அது காலடிதான் என்று இப்போது புரிகிறது. ஆனால் 400 மீட்டரை வேகமாக ஓடும்போது வேறு மாதிரி. ஓடும் வரை 140 காட்டுகிறது. முடித்துக் குனிந்து நிற்கும்போது 185-க்கு ஏறுகிறது. இது எதனால்?

காட்பாடி சைக்கிள்:

அது வாட்ச்சின் தாமதம், தம்பி. கடந்த சில விநாடிகளின் சராசரியைத்தான் அது காட்டுகிறது. ஆட்டம் அதிகமாக இருக்கும்போது இன்னும் தயங்கும். சமமான வேகத்தில் நடந்தால் தெரியாது. 70, 80 விநாடியில் முடியும் 400 மீட்டரில் இந்தத் தாமதமே பாதி ஓட்டத்தைத் தின்றுவிடும்.

இதற்கு மார்புப் பட்டைதான் வழி. அது வெளிச்சத்தை நம்பியதில்லை. இதயம் சுருங்கும்போது எழும் மின் துடிப்பைத் தோலின் மேலிருந்தே பிடிக்கும், இ.சி.ஜி. மாதிரி. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1977-இல் தொடங்கியது, 1982-இலேயே ஒயர் இல்லாத பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. பச்சை விளக்கு வாட்ச்கள் பரவலானது அதற்கு முப்பது வருடம் கழித்துத்தான். இன்றைக்கும் வாட்ச்களைச் சோதிக்கிறவர்கள் பக்கத்தில் ஒரு மார்புப் பட்டையை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள்.

விலை பயப்படும்படி இல்லை. போலார் எச்10 மாதிரி பெரிய பெயர்கள் விலை அதிகம். கூஸ்போ, மஜீன் மாதிரி சின்னப் பெயர்களில் மூவாயிரத்தை ஒட்டி வந்துவிடும். வாட்ச் கூடத் தேவையில்லை, புளூடூத்தில் போனோடு இணைந்துகொள்ளும். ஒரே விஷயம், உள்பக்கம் உள்ள ரப்பர் பட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும். காய்ந்த பட்டை முதல் பத்து நிமிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

நான் சைக்கிள்காரன். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறும்போது மணிக்கட்டு வாட்ச் சுத்தமாக உதவாது. பிடி இறுகினால் மணிக்கட்டில் ரத்த ஓட்டம் மாறுகிறது, ரோட்டின் அதிர்வு வேறு. ஜிம்மில் எடை தூக்குகிறவர்களுக்கும் இதே தொல்லை. மார்பில் கட்டப் பிடிக்காததால் கையின் மேல்புறம், புஜத்தில் கட்டும் பட்டைக்குப் போய்விட்டேன். அதுவும் வெளிச்சம்தான், ஆனால் சதை அதிகம், ஆட்டம் குறைவு, மணிக்கட்டைவிட எவ்வளவோ மேல்.

பேட்டைப்பையன்:

நண்பனிடம் மார்புப் பட்டை இருக்கிறது அண்ணா. அதைக் கட்டிக்கொண்டு 1.6 முழு மூச்சாக ஓடினேன், கடைசி 100 மீட்டரில் 196 காட்டியது. காலையில் எழுந்ததும் படுத்தபடியே எண்ணினால் 56. இதை வைத்து என்ன செய்வது?

காட்பாடி சைக்கிள்:

அருமையான இரண்டு எண்கள். 220 கழித்தல் வயது என்ற சூத்திரத்தை மறந்துவிடு. ஒரே வயதுக்காரர்களின் உச்சத் துடிப்பே பத்துப் பன்னிரண்டு மேலும் கீழுமாக இருக்கும். 2001-இல் 208 கழித்தல் வயதில் 0.7 பங்கு என்று திருத்திச் சொன்னார்கள். அதுவும் ஊரின் சராசரிதான், உன் இதயம் அல்ல. உன்னுடையதை நீயே அளந்துவிட்டாய்.

196-இல் 56-ஐக் கழி, 140. இதுதான் உன் கையிருப்பு. மெதுவான ஓட்டத்துக்கு இதில் 60 முதல் 70 சதவீதம், அதோடு 56-ஐத் திரும்பக் கூட்டு. 140 முதல் 154 வரை வரும். பின்லாந்தின் கார்வோனன் 1957-இல் சொன்ன வழி இது.

வாரத்தில் பெரும்பாலான ஓட்டம் இந்த 154-ஐத் தாண்டாமல் இருக்கட்டும். செலக்‌ஷனுக்கு ஓடும் பையன்கள் தினமும் உயிரைக் கொடுத்து ஓடிக் காலை உடைத்துக்கொள்வதைத்தான் பார்க்கிறேன். இதயத் துடிப்புக் கருவியின் பெரிய உபயோகமே அதுதான் என்பேன், "மெதுவா போ" என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அது சொல்லும்.

400 மீட்டர் வேக ஓட்டத்தில் துடிப்பையே பார்க்காதே, ஸ்டாப்வாட்ச் போதும். ஓடி முடித்து ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று மட்டும் குறித்து வை. வாரங்கள் போகப் போக அந்த இறக்கம் கூடினால் பயிற்சி பிடித்துவருகிறது என்று அர்த்தம்.

மலைப்படி:

நான் மாதம் ஒரு தடவையாவது சோளிங்கர் மலை ஏறுகிறவள், 1305 படி. ரோப் கார் வந்த பிறகும் படியில்தான். என் பிரச்சனை யாரும் இங்கே பேசாதது. கையில் வளையல் இருக்கிறது, கோயில் கயிறு இருக்கிறது, இவற்றுக்கு நடுவில் வாட்ச்சை எங்கே கட்டுவது? அப்புறம், நம்மைப் போலக் கருத்த தோலுக்கு இந்த வாட்ச் எல்லாம் சரியாக வேலை செய்யாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

பச்சைவெளிச்சம்:

அக்கா, வளையல் இல்லாத கைக்கு மாற்றுங்கள். இரண்டு கையிலும் உண்டு என்றால் வளையலுக்கும் மேலே, மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி முழங்கைப் பக்கமாக. கயிறு வாட்ச்சுக்கு அடியில் போகவே கூடாது. அது வாட்ச்சைத் தூக்கிப் பிடிக்கும், இடுக்கில் வெளிச்சம் புகும், எண் கெட்டுவிடும். இப்போது எல்லோரும் கருங்காலி மணி போடுகிறார்கள், அதுவும் இடிக்கும். பயிற்சியின்போது ஒரு துளை இறுக்கமாக, முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். சும்மா இருக்கும்போதும் ரத்தம் கட்டும்படி இறுக்க வேண்டாம். கையில் எண்ணெய் தேய்த்திருந்தால் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். படி ஏறும்போது கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடிக்கும் கையில் வாட்ச் வேண்டாம், மற்றக் கையில் இருக்கட்டும்.

தோல் நிறம் பற்றி: மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பது உண்மை, அதனால் அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் 2020-இல் வெவ்வேறு நிறத் தோல் உள்ளவர்களை வைத்துப் பல வாட்ச்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வந்தது. நிறத்தால் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. வாட்ச்சுக்கு வாட்ச் வித்தியாசம் இருந்தது. ஓய்வில் இருப்பதைவிட உடம்பு அசையும்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியது. எனவே நிறத்துக்கு முன்னால் கவலைப்பட வேண்டியது ஆட்டத்துக்குத்தான். மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தால் அது வேறு, மை வெளிச்சத்தை மறித்துவிடும். நம் பாட்டிமார் கைகளில் இருக்கும் பச்சைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மலைப்படி:

மேலே கட்டிப் பார்த்தேன், வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. நன்றி தம்பி. ஒரு மணி நேரம் ஏறுவதற்கு வாட்ச் 600 கலோரி என்கிறது, மனசுக்குச் சந்தோஷமாக இருக்கிறது!

ஆம்பூர்க்காரன்:

600 கலோரியா! அப்படியே இந்தப் பக்கம் வந்து ஒரு பிளேட் பிரியாணி சாப்பிட்டுப் போங்கள், கணக்கு சரியாகிவிடும்.

பச்சைவெளிச்சம்:

சரியாகாது அண்ணா 😄 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியை ஒன்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை. இருப்பதில் நல்லதே 27 சதவீதம் தவறு, மோசமானது 93 சதவீதம். வாட்ச்சில் கலோரி என்ற பக்கத்தையே நான் மறைத்து வைத்திருக்கிறேன்.

ஆம்பூர்க்காரன்:

பிரியாணியின் கலோரியையும் யாரும் சரியாகச் சொன்னதில்லை. கத்தரிக்காய்த் தொக்கு சேர்த்தா, சேர்க்காமலா?

ராணிப்பேட்டை ரவுண்டு:

ஆற்காட்டுப் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

மட்டுறுத்துநர்:

இதற்குப் பிறகு வந்த பதினோரு பிரியாணிப் பதிவுகளைச் சாப்பாடு பகுதிக்கு நகர்த்திவிட்டேன். இங்கே துடிப்பு மட்டும்.

சத்துவாச்சாரிவாசி:

இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நினைக்கவில்லை. சரி, வாங்குவதாக இருந்தால் எதைப் பார்த்து வாங்குவது? கடையில் ஒன்று காட்டினார்கள். 1800 ரூபாய்தான். துடிப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் ஊசி குத்தாமலே காட்டுமாம். என்னைப் போன்ற ஆளுக்கு ஆசை வரத்தானே செய்யும்?

பாகாயத்தக்கா:

அதைத் தொடவே தொடாதீர்கள்.

தோலைக் குத்தாமல் சர்க்கரை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, நம்பி வாங்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த வாட்ச் 140 என்று சொல்ல, உங்கள் ரத்தத்தில் 60 இருந்தால் என்ன ஆகும்? நீங்கள் கிளிமிப்பிரைடு சாப்பிடுகிறவர். சர்க்கரைக்கு விரல் குத்தும் கருவிதான். ரத்த அழுத்தத்துக்குப் புஜத்தில் காற்று ஏறும் பட்டைதான்.

காட்பாடி சைக்கிள்:

பொய்யை மலிவு விலைக்குச் சொல்லும் வாட்ச் அது. துடிப்பையும் அது அளக்கிறதா, சும்மா ஓர் எண்ணைப் போடுகிறதா என்பதே தெரியாது. வாழைப்பழத்தில் கட்டிப் பார்க்கும் வீடியோக்களை நம்பி முடிவு செய்யாதீர்கள். நல்ல வாட்ச்கூடச் சில சமயம் பழத்துக்கு 80 காட்டும், அசையாத பொருளிலும் அது ஒரு தாளத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். உங்கள் கையிலேயே சோதியுங்கள். உட்கார்ந்து ஐந்து நிமிடம், அப்புறம் மாடிப்படி மூன்று தடவை ஏறி இறங்கி உடனே, இரண்டிலும் நாடியோடு ஒப்பிடுங்கள். ஐந்துக்குள் வித்தியாசம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

நான் வாங்கும்போது பார்ப்பவை: வாட்ச் லேசாகவும் சின்னதாகவும் இருக்க வேண்டும், கனமான டயல்தான் அதிகம் ஆடும். பட்டை நெருக்கமான துளைகளோடு இருக்க வேண்டும், இல்லை இழுத்து ஒட்டும் துணிப் பட்டையாக இருக்க வேண்டும். பயிற்சி முழுவதற்கும் துடிப்புக் கோடு வரைந்து காட்ட வேண்டும். வெறும் சராசரி எண் மட்டும் தந்தால் காலடியைப் பிடித்துக்கொண்டதா என்று கண்டுபிடிக்கவே முடியாது, கோட்டைப் பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி தெரிந்துவிடும். வெயிலில் திரை தெரிய வேண்டும். அவ்வளவுதான். ஆக்சிஜன், மன அழுத்த மதிப்பெண், நூறு விளையாட்டு, இதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு நடைதான் என்பதால் இப்போதைக்கு எதுவுமே வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மாப்பிள்ளை வாட்ச்சின் பட்டையை மட்டும் மாற்றி, மேலே ஏற்றிக் கட்டிப் பாருங்கள். வாட்ச்சில் எந்தப் பயிற்சி என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'நடை' என்று கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பலவற்றில் அப்போதுதான் இடைவிடாமல் அளக்கும், மற்ற நேரம் பேட்டரியை மிச்சம் பிடிக்க அவ்வப்போதுதான் பார்க்கும்.

பழைய ஆர்க்காட்டார்:

ஒரு சந்தேகம். பேரன் அவனுடைய வாட்ச்சை என் கையில் கட்டிவிட்டான். தை மாதத்தில் பார்த்ததைவிட இப்போது கத்திரி வெயிலில் அதே தூரம், அதே வேகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அதிகம் காட்டுகிறது. கோளாறு வாட்ச்சிலா, என்னிடமா?

பாகாயத்தக்கா:

இரண்டிலும் இல்லை ஐயா, வேலூரில்! உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது, வியர்வையில் நீர் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறும் ரத்தம் குறைவதால் இதயம் அதிகத் தடவை அடித்து ஈடுகட்டுகிறது. வேகத்தைக் கூட்டாமலே நடையின் கடைசிப் பகுதியில் எண் ஏறிக்கொண்டே போவதும் இதனால்தான். இந்த மாதங்களில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர்.

பழைய ஆர்க்காட்டார்:

நான் நாலரை மணிக்கே கிளம்புகிறவன். ஆனாலும் வேலூர்தானே, நாலரைக்கும் அனல்தான். வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறேன்.

சத்துவாச்சாரிவாசி:

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய ட்ரெட்மில் அறிக்கையைப் பார்த்தார். மாத்திரையோடு எனக்கு 85 முதல் 100 வரை போதும், மூச்சு வாங்கினால் அதற்குள்ளேயே இருந்தாலும் குறைத்துக்கொள்ளச் சொன்னார். நடைக்கு முன் சர்க்கரை பார்க்கவும் சொல்லியிருக்கிறார்.

துணிப் பட்டை 250 ரூபாய்க்கு வாங்கி இரண்டு விரல் மேலே கட்டினேன். இன்று நடையில் 86, 91, மேட்டில் 96. நின்று நாடி பார்த்தால் 92, வாட்ச் 94. நடுவில் ஒரு தடவை 117-க்குத் தாவியது. கையை நன்றாக மடக்கி, பட்டையை ஒரு இழுப்பு இழுத்ததும் திரும்பி வந்துவிட்டது. 5000 ரூபாய் மிச்சம். மகளிடம் சொன்னேன், அவள் கணக்குப் பலிக்கவில்லை என்று கொஞ்சம் வருத்தம்.

பேட்டைப்பையன்:

நானும் கூஸ்போ பட்டை வாங்கிவிட்டேன் அண்ணா. மெது ஓட்டம் 150-இல் ஓடினால் கூட ஓடுகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போகிறார்கள், கேலி வேறு. ஒரு கேள்வி, மார்பில் பட்டை பட்ட இடம் சிவந்து அரிக்கிறது. பேட்டரியும் அதற்குள் இறங்கிவிட்டது. எல்லோருக்கும் இப்படித்தானா?

காட்பாடி சைக்கிள்:

கேலி செய்கிறவர்களைச் செலக்‌ஷன் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அரிப்புக்குக் காரணம் அநேகமாக உப்பு. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பட்டையை வெறும் தண்ணீரில் அலசு, வாரம் ஒரு தடவை மென்மையான சோப்பு, நிழலில் காயவை. முறுக்கிப் பிழியாதே, உள்ளே இருக்கும் மின் இழை அறுந்துவிடும். தோல் ஆறும் வரை ஒரு விரல் மேலேயோ கீழேயோ நகர்த்திக் கட்டு. ஒரு வாரத்தில் ஆறாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டு.

பேட்டரிக்கு: ஓடி முடித்ததும் நடுவில் உள்ள பொத்தான் கருவியைப் பட்டையிலிருந்து கழற்றிவிடு. ஈரப் பட்டையிலேயே விட்டால் இன்னும் நெஞ்சில் இருப்பதாக நினைத்து அது ஓடிக்கொண்டே இருக்கும். காசு மாதிரி இருக்கும் அந்த பேட்டரி எந்த எண் என்று மூடியின் உள்பக்கம் போட்டிருக்கும், வாட்ச் ரிப்பேர் கடையிலேயே கிடைக்கும். மாற்றும்போது மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து மூடு, இல்லாவிட்டால் அடுத்த ஓட்டத்திலேயே வியர்வை உள்ளே போய்விடும்.